பழவேற்காடு ஏரியில் குளிர்காலப் படம்: கரை, காற்று, கானல்

பழவேற்காடு ஏரிக்குப் பூநாரைகளை (ஃபிளமிங்கோ) எடுக்கக் கேமராவோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மி.மீ. லென்ஸ் வேண்டும்?" என்றுதான். எந்தக் கரையில் நிற்பது, எத்தனை மணிக்குள் முடிப்பது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்ற மூன்றையும் கேட்டுவிட்டு அந்தக் கேள்விக்கு வந்தால் பாதி வேலை முடிந்துவிடும். 600 மி.மீ. லென்ஸோடு காலை பத்து மணிக்குத் தவறான பக்கம் நின்றால் கிடைப்பது கலங்கிய வெள்ளைப் புள்ளிகள்தான். சரியான பக்கம் ஏழே காலுக்கு நின்றால் 300 மி.மீ. போதும்.

ஏரியின் அமைப்பைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. தெற்கு முனை திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காடு ஊரை ஒட்டி இருக்கிறது. மீதிப் பெரும்பகுதி ஆந்திரத்தில், தடா, சூளூர்ப்பேட்டை பக்கம். கிழக்கே கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாகப் படுத்திருக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் இதில் வந்து கலக்கின்றன. பழவேற்காட்டுப் பக்கம் முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்கும். ஏரி மொத்தமுமே ஆழமில்லாதது. வடக்கே போகப் போக ஓதத்தின் (கடல்நீர் ஏற்ற இறக்கத்தின்) வேகம் குறைந்து, தண்ணீர் மட்டத்தை மழையும் காற்றும்தான் தீர்மானிக்கும். அதனால் பழவேற்காட்டில் படம் எடுப்பவர் சென்னைத் துறைமுகத்தின் ஓத அட்டவணையைப் பார்க்க வேண்டும். முகத்துவாரத்தில் ஏறும் நீர் ஏரிக்குள் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும், அதற்கும் இடம் விட்டுக் கணக்கிடுங்கள். சூளூர்ப்பேட்டை பக்கம் போகிறவருக்கு அந்த அட்டவணை தேவையில்லை.

பருவம். வடகிழக்கு மழை நன்றாகப் பெய்த வருடத்தில் நவம்பர், டிசம்பரில் ஏரி நிறைந்து நிற்கும். பூநாரைகள் நின்று மேய்வதற்கு ஆழம் அதிகம், அவை தொலைவில் கிடைத்த திட்டுகளைச் சுற்றியே இருக்கும். தண்ணீர் வடிந்து முழங்கால் ஆழத்துக்கு வரும்போதுதான் கூட்டம் சாலையோரம் வரை நெருங்கும். பொங்கல் முடிந்து பிப்ரவரி நடுவரை என்று வைத்துக்கொள்ளலாம். மழை பொய்த்த வருடத்தில் இது டிசம்பருக்கே முன்னால் வந்துவிடும், பிப்ரவரியில் சேறு காய்ந்து பறவைகள் விலகிப் போயிருக்கும். ஆகவே தேதியை நம்பாமல், புறப்படும் முன் அந்த வாரத் தண்ணீர் நிலவரத்தை உள்ளூரில் விசாரியுங்கள். சூளூர்ப்பேட்டையில் ஃபிளமிங்கோ திருவிழா நடக்கும் நாட்களில் சாலையில் கூட்டம் தாங்காது. படம் எடுக்க அந்த நாட்களைத் தவிர்ப்பதே நல்லது. ராக்கெட் ஏவும் நாட்களிலும் அந்தச் சாலையில் கெடுபிடி கூடும்.

இனி ஒளி. குளிர்காலத்தில் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதில்லை. டிசம்பர் கடைசியில் நம் அட்சரேகையில் கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே தள்ளி உதித்து, மேற்கிலிருந்து அதே அளவு தெற்கே தள்ளி மறைகிறது. உச்சிப்பொழுதிலும் தெற்கே சாய்ந்து, 53 பாகை உயரத்தோடு நின்றுவிடுகிறது. பகல் முழுக்கச் சூரியன் தெற்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று பொருள். இந்த ஒரு விஷயம் சூளூர்ப்பேட்டை–ஸ்ரீஹரிகோட்டா சாலையில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. அந்தச் சாலை ஏறக்குறைய மேற்கு கிழக்காக ஏரியைக் கிழித்துக்கொண்டு போகிறது. வடக்குப் பக்கம் நிற்கும் பறவை மேல் நாள் முழுக்க வெயில் விழும், தெற்குப் பக்கப் பறவை நாள் முழுக்க எதிர்வெயிலில் இருக்கும்.

காரில் போனால் இது இன்னும் வசதி. சூளூர்ப்பேட்டையிலிருந்து கிழக்கே போகும்போது நீங்கள் இடது ஓரத்தில், அதாவது வடக்கு ஓரத்தில் போகிறீர்கள். கேமராக்காரர் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும். ஒளி அவர் ஜன்னல் பக்கம். திரும்பி வரும்போது இடது ஓரம் தெற்காகிவிடும், அந்தப் பக்கம் நிழலுருவப் படம்தான் கிடைக்கும். வடக்குப் பக்கத்திலும் திசை பார்த்து லென்ஸைத் திருப்புங்கள். காலையில் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால் வடமேற்கே நோக்கினால் வெயில் முழுதாக முதுகில் இருக்கும். மாலையில் வடகிழக்கே நோக்க வேண்டும். நேர் வடக்கே பார்த்தால் பக்கவாட்டு ஒளி. இறகின் மடிப்பு நன்றாகத் தெரியும், ஆனால் கழுத்தின் ஒரு பாதி இருண்டுபோகும்.

எதிர்வெயில் படமே வேண்டும் என்பவர்கள் தடா அருகே பி.வி. பாளையம் கரைக்குப் போகலாம். அது ஏரியின் மேற்குக் கரை, சூரியன் தண்ணீருக்கு மேலே எழும். ஜனவரி நடுவில் உதயம் 6.35-ஐ ஒட்டி. 6.10-க்குள் கரையில் இருந்தால் வெளுக்கும் வானத்தின் செம்மை கிடைக்கும். சூரியன் மேலே வந்த இருபது நிமிடத்தில் அந்த நிறம் கழன்றுவிடும். பழவேற்காட்டில் மாலைப் படம் எடுக்க வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குளிர்காலத்தில் சூரியன் தென்மேற்கே ஊர்ப்பக்கம் சாய்ந்து மறைகிறது, வடக்கே விரியும் திறந்த நீரில் விழுவதில்லை. ஜனவரி நடுவில் ஆறு மணியை ஒட்டி மறைந்துவிடும். மறைந்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் வடக்குத் தண்ணீரில் படியும் ஊதா நிறம்தான் அங்கே எடுக்க வேண்டியது. பெரும்பாலானவர்கள் அதற்குள் பையைக் கட்டிவிடுகிறார்கள்.

கானலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஏரியில் கெட்டுப்போகும் படங்களில் பெரும்பங்கு இதனால்தான். லென்ஸ் சரியில்லை, ஃபோகஸ் பிடிக்கவில்லை என்று ஆட்கள் சர்வீஸுக்குக்கூடக் கொடுத்துவிடுகிறார்கள். வெயில் ஏறியதும் காய்ந்த சேறும் தார்ச்சாலையும் வேகமாகச் சூடாகின்றன. பக்கத்துத் தண்ணீர் அவ்வளவு வேகமாகச் சூடாவதில்லை. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து நெளியும்போது, அதன் ஊடே வரும் ஒளியும் நெளிகிறது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் பறவை தெளிவாகத் தெரிவது போலத்தான் இருக்கும். படத்தைப் பெரிதாக்கினால் இறகுக்குப் பதில் பஞ்சு இருக்கும். ஷட்டர் வேகத்தை 4000-ல் ஒன்றுக்கு ஏற்றினாலும் சரியாகாது. அது அசைவு இல்லை, ஒளியே கோணிப்போயிருக்கிறது.

கண்டுபிடிக்க எளிய வழி: தொலைவில் நிற்கும் பறவையின் காலைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். கால் நேர்கோடாக நின்றால் எடுக்கலாம். கயிறு மாதிரி நெளிந்தால் அந்தத் தூரத்துக்கு அன்றைய வேலை முடிந்தது. தெளிந்த வானம் இருந்தால் எட்டரை, ஒன்பதுக்கே இது தொடங்கிவிடும். மேகம் மூடிய நாளில் பத்தரை வரைகூடத் தள்ளிப் போகும். கானல் தொடங்கியபின் நூறு மீட்டருக்கு அப்பால் எடுக்காமல், அறுபது எழுபது மீட்டருக்குள் வரும் பவளக்கால் உள்ளான், கொக்கு, சாம்பல் நாரை ஆகியவற்றுக்குத் திரும்பிவிடுங்கள். இடையில் சேறு இல்லாமல் முழுக்கத் தண்ணீராக இருக்கும் இடம் கொஞ்சம் தாங்கும். மாலை நாலரைக்கு மேல் மறுபடி அடங்கும். ஆனால் காலை அளவுக்குத் தெளியாது, பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சாலை அப்போதும் விட்டுக்கொண்டிருக்கும்.

இதே கானல் காருக்குள்ளிருந்தும் உண்டாகும். ஏ.சி. போட்டுக்கொண்டு ஜன்னலை இறக்கினால், குளிர்ந்த காற்று வெளியேறும் அந்தச் சட்டத்திலேயே நெளிவு வந்துவிடும். ஏரிச் சாலையைத் தொடுமுன்பே ஏ.சி.யை நிறுத்தி நான்கு ஜன்னலையும் இறக்கிவிட வேண்டும். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் எஞ்சினை அணைக்க வேண்டும், அதன் அதிர்வு 500 மி.மீ. லென்ஸில் அப்படியே தெரியும். ஜன்னல் விளிம்பில் லென்ஸை வைக்க, தடித்த துணியில் பை தைத்து இரண்டு கிலோ அரிசி நிரப்பிக்கொள்ளுங்கள். மணல் வேண்டாம். தையல் வழியே பொடியாகக் கசிந்து லென்ஸ் வளையத்துக்குள் போகும். உமி இலேசானது, கனமான லென்ஸைத் தாங்காமல் அமுங்கிவிடும்.

காற்று. பூநாரை கனமான பறவை. நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்பாது, தண்ணீரில் பல அடி ஓடித்தான் மேலே ஏறும். அந்த ஓட்டம் எப்போதும் காற்றை எதிர்த்தே இருக்கும், இறங்குவதும் அப்படியே. காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பறவையின் முகம் தெரியுமா வால் தெரியுமா என்பது முன்கூட்டியே தெரியும். குளிர்கால விடியலில் நிலத்திலிருந்து ஏரி நோக்கி மேற்குக் காற்று மெல்ல வீசும். அப்போது சாலையின் வடக்குப் பக்கத்துப் பறவைகள் இடப்பக்கம் நோக்கி, சாலைக்கு இணையாக ஓடி எழும்பும். பக்கவாட்டுத் தோற்றம் முழுதாகக் கிடைக்கும், வெயிலும் மேலே இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் வடகிழக்குக் காற்று பிடித்துக்கொண்டால் அவை உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பறந்து போகும். நேரத்தோடு வரச் சொல்வதற்குக் கானலுக்கு அடுத்த காரணம் இதுதான். சிறகை விரிக்கும்போது மட்டுமே இளஞ்சிவப்பும் கறுப்பும் வெளியே வரும், நிற்கும்போது பெரும்பாலும் வெள்ளைதான். இளம் பறவைகள் சாம்பலும் பழுப்புமாக இருக்கும். அவற்றை அழுக்கு என்று நினைத்து நிறம் ஏற்றாதீர்கள்.

பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டுவது, கல்லெறிவது, ஹாரன் அடிப்பது எல்லாம் இங்கே கண்ணெதிரே நடக்கிறது. பார்க்கவே வயிறு எரியும். இந்தச் சில மாதங்களில் தின்று சேர்ப்பதுதான் அவற்றுக்குத் திரும்பிப் போகும் வழிக்கான எரிபொருள். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது. தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்கிற கூட்டம் ஒரே நேரத்தில் தலை தூக்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் இன்னும் ஓர் அடிகூட வைக்காதீர்கள். காருக்குள்ளேயே இருந்தால் பெரும்பாலும் பொருட்படுத்தாது, இறங்கி நிமிர்ந்து நின்றால் விலகும். சேற்றில் இறங்கி நெருங்கப் பார்ப்பது பறவைக்கும் தொந்தரவு, உங்களுக்கும் ஆபத்து. மேலே காய்ந்து வெடித்த மாதிரி இருக்கும், அடியில் முழங்கால் வரை உளை. கேமராவோடு விழுந்தால் உப்புச்சேறு உள்ளே போய்விடும்.

வெள்ளைப் பறவைக்கு ஒளி அளப்பதில் இரண்டு எதிரெதிரான பிழைகள் நேரும். பறவைக் கூட்டம் படச்சட்டத்தை நிறைத்திருந்தால் கேமரா "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துப் படத்தை மங்கலாக்கும். அப்போது எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளியின் அளவை) ஒரு படியில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்ற வேண்டும். ஒற்றைப் பறவை கரும்பச்சைத் தண்ணீரின் நடுவே நின்றால் தண்ணீரை அளந்துவிட்டுப் பறவையை வெளுக்க வைத்துவிடும். அப்போது அதே அளவு இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் யோசிக்க நேரம் இருக்காது என்பதால், வெயில் நிலையாக இருக்கும் நாளில் மேனுவலில் ஒருமுறை பூநாரையின் வெள்ளை முதுகை வைத்துச் சரிசெய்துகொள்வது நல்லது. வெளுத்த பகுதி மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையை இயக்கி, மினுக்கல் நிற்கும் வரை இறக்கி, அங்கேயே விட்டுவிடுங்கள். பின்னணி கறுப்போ வெள்ளையோ, பறவை மாறாது. அரைமணிக்கு ஒருமுறை மறுபடி பார்த்தால் போதும், ஏழிலிருந்து எட்டுக்குள் ஒளி மளமளவென்று ஏறும்.

எண்களாகச் சொன்னால்: ஏழே கால் மணிக்கு லென்ஸ் துளை எஃப் 6.3, ஷட்டர் நொடியில் 1600-ல் ஒரு பங்கு, ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 1000-ஐ ஒட்டி. எட்டரைக்கு அதே அளவுகளில் ஐ.எஸ்.ஓ. 400-க்குக் கீழே வந்துவிடும். ஓடி எழும்பும்போது தெறிக்கும் நீர்த்துளி உறைந்து நிற்க வேண்டுமானால் 2000-ல் ஒன்று. மேய்கிற கூட்டத்துக்கு 500-ல் ஒன்று போதும். ஆனால் முன்வரிசை பின்வரிசை இரண்டும் தெளிய எஃப் 8 அல்லது 11 வேண்டும். வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ஆட்டோவில் விட்டால் விடியலின் செம்மையைக் கேமரா 'திருத்தி' எடுத்துவிடும். 5200 கெல்வின் அல்லது பகலொளி என்று நிறுத்தி, ரா கோப்பாக எடுங்கள். பிறகு கணினியில் சிவப்பைக் கூட்டும்போது கை நிதானம் வேண்டும். இங்கே வரும் பூநாரையின் நிறம் வெளிர்தான், ரோஜாப்பூ நிறத்துக்கு ஏற்றினால் ஏரியைத் தெரிந்தவர்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். சட்டம் கட்டும்போது தண்ணீரில் தெரியும் பிம்பத்துக்கு இடம் விடுங்கள். கால் வெட்டுப்பட்ட பூநாரையைவிட, பிம்பத்தின் தலை வெட்டுப்பட்ட பூநாரைதான் அதிகம் பார்க்கிறோம்.

மார்கழி, தை விடியலில் பனிமூட்டம் இறங்கினால் பூநாரையை மறந்துவிடுங்கள். நீண்ட லென்ஸால் பனிக்கு அப்பால் பார்க்க முடியாது, இடையிலிருக்கும் பனியெல்லாம் சேர்ந்து சாம்பல் திரையாகிவிடும். முப்பது மீட்டருக்குள் கறுப்பாக ஒன்றைத் தேடுங்கள்: கட்டிப்போட்ட படகு, வலை கட்டிய சவுக்குக் கம்பு, கம்பின் மேல் உட்கார்ந்த நீர்க்காகம். 35 அல்லது 50 மி.மீ. போதும். எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றாவிட்டால் பனி அழுக்குத் துணி மாதிரி இருக்கும். ஃபோகஸ் பிடிக்காமல் முன்னும் பின்னும் ஓடினால் படகின் விளிம்பில் வைத்துப் பூட்டுங்கள். உதயத்துக்கு அரைமணி முன்பு முக்காலியில் வைத்து எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் நாலைந்து நொடி ஷட்டர் வரும். மிதக்கும் படகு அதற்குள் ஆடிவிடும். கரையில் சேற்றில் அமர்ந்த படகையோ கம்பையோ முன்னால் வைத்தால் தண்ணீர் மட்டும் பாலாக, மற்றது கல்லாக வரும். முக்காலி சேற்றில் இறங்காமலிருக்க ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்து அழுத்துங்கள். கடைசிக் கால்துண்டை மட்டும் முதலில் நீட்டுங்கள், உப்புத் தண்ணீர் மேல் பூட்டுகளுக்கு ஏறாது.

லாட்ஜில் ஏ.சி. அறையில் தூங்கிய கேமராவை நேரே ஏரிக்காற்றில் எடுத்தால் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும். துடைத்தால் மறுபடி வேர்க்கும். லென்ஸ் உள்ளே வேர்த்தால் அன்றைய விடியல் போச்சு. இரவே பையைக் காரில் வைத்துவிடுவது, முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி அரைமணி முன்பே வெளியே வைப்பது, இரண்டில் ஒன்று செய்ய வேண்டும். ஃபோனுக்கும் இதே கதைதான். ஃபோனில் எடுப்பவர்கள் பறவையைத் துரத்தாமல் படகும் வானமும் எடுங்கள். திரையில் அழுத்திப் பிடித்து ஒளியைப் பூட்டி, விரலால் கொஞ்சம் கீழே இழுத்தால் வானத்தின் நிறம் திரும்பிவரும்.

சூளூர்ப்பேட்டை வரை வந்தவர்கள் வடக்கே தொரவாரிசத்திரம் அருகே உள்ள நேலப்பட்டு சரணாலயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கூழைக்கடாக்கள் தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இடம் அது. வழி கேட்கும்போது தெலுங்கில் "கூடபாத்து" என்றால் புரியும். எச்சத்தால் மரமே வெளுத்திருக்கும், ஒளி அளக்க மேலே சொன்ன அதே முறைதான். பூநாரைக்குக் கானல் தொடங்கியபின் இங்கே வந்தால் ஒரு மணி நேரம் பயனாகும்.

படகில் ஏறிப் போய் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்கள் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடை இல்லாமல், அனுமதி இல்லாமல் யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். டிரோன் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் விண்வெளி மையம், மற்ற பக்கம் சரணாலயம். சோதனைச்சாவடியையும் பாதுகாப்புக் கட்டுமானங்களையும் நோக்கி லென்ஸைத் திருப்பாதீர்கள்.

மனிதர்களை எடுக்கும்போது முதலில் கேமராவை இறக்கிவிட்டுப் பேசுங்கள். இந்தக் கரையில் "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?", அந்தக் கரையில் "அன்னா, ஒக்க ஃபோட்டோ தீஸ்கோவச்சா?" என்றால் போதும். பாதி இடங்களில் தமிழிலேயே பதில் வரும். தண்ணீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைத் தூரத்திலிருந்து நீண்ட லென்ஸால் எடுப்பது முறையில்லை. வேலை முடிந்து கரையேறும்வரை காத்திருந்து கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கம்பு நட்ட இடத்தில் வலை இருக்கும், முக்காலியோடு அதற்குள் போகாதீர்கள். எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அடுத்த முறை கொண்டுவந்து கொடுங்கள்.

வீடு திரும்பியதும் முதல் வேலை உப்பை நீக்குவது. லென்ஸ் கண்ணாடியைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள், உப்புத்துகள் பூச்சைக் கீறிவிடும். முதலில் காற்றுப் பம்பால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி, அதன்பின் உலர்துணி. கேமராவின் உடலுக்கும் அதே ஈரத்துணிதான். முக்காலியை ஒவ்வொரு பூட்டாகக் கழற்றி, ஒரு வாளி நல்ல தண்ணீரில் கால்களை அலசி, நீட்டிய நிலையிலேயே இரவு முழுக்க நிழலில் காய விடுங்கள். மடித்து வைத்தால் உள்ளே தங்கும் உப்பு அடுத்த மாதம் பூட்டை இறுக்கிவிடும்.